நாளுக்குப் பத்து நிமிட இலக்கணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் வகுப்புக்கு நான் நடத்திய தேர்வொன்றில், 'நான்காம் வேற்றுமை உருபு எது?' என்று கேட்டிருந்தேன். மாணவன் ஒருவன் 'கு' என்று சரியாக எழுதியிருந்தான். முழு மதிப்பெண் அளித்தேன். மறுநாள் அவனுடைய விடுப்புக் கடிதம் வந்தது: 'எனக்கு காய்ச்சல் அடிப்பதால்...'. 'எனக்குக் காய்ச்சல்' என்று எழுத அவனுக்குத் தெரியவில்லை. உருபின் பெயரை அறிந்திருந்தான். அதன் பயன்பாட்டை அறிந்திருக்கவில்லை. அந்தப் பிழை அவனுடையதன்று, என்னுடையது என்பதை உணர எனக்குச் சில நாள்கள் ஆயின.

தொடக்க வகுப்புகளில் இலக்கணம் பெரும்பாலும் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. நேரமிருந்தால் நடத்துகிறோம்; இல்லையேல் தேர்வுக்கு முன் வரையறைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

உண்மையில், பள்ளிக்கு வரும்போதே குழந்தை இலக்கணத்தோடுதான் வருகிறது. 'மழை வந்தான்' என்றோ, 'நேற்று வருவேன்' என்றோ எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. திணையும் காலமும் அதன் நாவில் உள்ளன. இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. வீட்டில் 'மாடு மேயுது', 'மாடுங்க மேயுது' என்கிறோம். பேச்சில் வினைமுற்று மாறுவதில்லை. எனவே, 'மாடுகள் மேய்ந்தது' என்று குழந்தை எழுதுவது கவனக்குறைவு அன்று. 'மேய்ந்தன' என்பதை அது காதால் கேட்டதே இல்லை. வல்லெழுத்து மிகுவதும் அப்படித்தான். பேச்சு தராததைப் பள்ளிதான் தர வேண்டும். அதையும் ஒரே நாளில் தந்துவிட இயலாது.

ஆகவே, தமிழ்ப் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தை இலக்கணத்துக்கென ஒதுக்கினேன். வாரத்துக்கு ஒரே ஒரு கூறு மட்டும். திங்களன்று குழந்தைகளின் குறிப்பேட்டிலிருந்து ஒரு தொடரை, எழுதியவர் பெயரைச் சொல்லாமல், கரும்பலகையில் எழுதுவேன். செவ்வாயன்று அதுபோன்ற தொடர்களைப் பாடநூலில் தேடுவார்கள். 'கடைக்குச் சென்றேன்', 'பாலைக் குடித்தேன்', 'அவனைத் தேடினேன்' எனத் திரட்டியதும், எங்கெல்லாம் எழுத்து மிகுகிறது என்பதை அவர்களே கண்டு சொல்வார்கள். புதனன்று மாற்றி எழுதுதல், வியாழனன்று சொல்வதெழுதுதல், வெள்ளியன்று சொந்தமாக நான்கு வரிகள். 'வேற்றுமை' என்ற பெயரைக் கடைசியில்தான் சொல்வேன்.

தொல்காப்பியமும் நன்னூலும் எழுத்தில் தொடங்கிச் சொல்லுக்குச் செல்கின்றன. அவை மொழியறிந்தோர்க்கு வகுக்கப்பட்டவை. குழந்தைக்குத் தொடரும் பொருளுமே முதல் வாயில். 'கீரை கடை' என்றால் கீரையைக் கடையச் சொல்லும் ஏவல். 'கீரைக்கடை' என்றால் கீரை விற்கும் இடம். இதைப் பலகையில் எழுதிய அன்று வகுப்பே சிரித்தது. ஓர் எழுத்து பொருளையே மாற்றும் என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஈராசிரியர் பள்ளிகளில் இதற்கு நேரமேது என்று கேட்பார்கள். ஒரே தொடர் மூன்று வகுப்புகளுக்கும் போதும். 'மாடுகள் மேய்ந்தன' என்பதை மூன்றாம் வகுப்பு படித்து, அதுபோல் இன்னொன்று எழுதட்டும். நான்காம் வகுப்பு நிகழ்காலத்துக்கு மாற்றட்டும். ஐந்தாம் வகுப்பு அதைத் தொடர்ந்து மூன்று வரிகள் எழுதட்டும்.

நிறைய வாசித்தால் இலக்கணம் தானே வரும் என்பாரும் உளர். வீட்டில் நூல்கள் உள்ள குழந்தைக்கு அது ஓரளவு பொருந்தும். பாடநூலைத் தவிர வேறு நூலைக் காணாத குழந்தைக்குப் பொருந்தாது. அந்தக் குழந்தைதான் நாளை வட்டாட்சியர் அலுவலக வாசலில், தன் குறையைத் தானே எழுத இயலாமல், மனு எழுதித் தருவோரிடம் காசு கொடுத்து நிற்கும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் சுழித்தால் குழந்தை எழுதுவதையே நிறுத்திவிடும். அந்த வாரத்துக்குரிய பிழையை மட்டும் திருத்துவோம். மற்றவை தத்தம் வாரத்துக்குக் காத்திருக்கட்டும்.

இப்போதெல்லாம் தேர்வுத்தாளைவிட விடுப்புக் கடிதங்களையே நான் கூர்ந்து படிக்கிறேன். நான் கற்பித்தது எவ்வளவு என்பதை அவைதாம் சொல்கின்றன.