எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள்

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தையானாலும் குளச்சல் மீன் சந்தையானாலும், தராசின் முள் நேராக நிற்கிறதா என்பதில்தான் நம் கண் இருக்கிறது. கூடவே தட்டில் இருக்கும் கல்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் நமக்கு வேண்டும். அதன் அடியில் ஒரு குழியும், அந்தக் குழியில் ஈயமும், ஈயத்தின் மேல் அரசு முத்திரையும் இருக்கும். எடையில் நமக்குள்ள உரிமை முழுவதும் அந்தச் சிறு ஈயத் துண்டை நம்பித்தான் நிற்கிறது.

அறுகோண இரும்புக் கல்லை வார்க்கும்போது எடை துல்லியமாக அமைவதில்லை. அதனால் சற்றுக் குறைவாக வார்த்து, விட்டுவைத்த குழியில் ஈயம் இட்டுச் சரிக்கட்டுகிறார்கள். ஈயம் மென்மையான உலோகம். கூடினால் சுரண்டி எடுக்கலாம், குறைந்தால் சேர்த்து அடிக்கலாம். முத்திரையும் அதில் தெளிவாகப் பதியும். முத்திரை ஆய்வாளர் தம்மிடமுள்ள படித்தரக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடையாளம் குத்துகிறார். அந்தப் படித்தரக் கற்களும் தமக்கு மேலான படித்தரங்களோடு குறித்த காலத்தில் ஒப்பிடப்படுகின்றன. இந்த வரிசை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முடிகிறது. நாட்டின் கிலோகிராம் படித்தரமான 57-ஆம் எண் உருளை அங்கேதான் இருக்கிறது. முட்டத்தில் நெத்திலி வாங்குகிறவர் கையில் எடுக்கும் கல்லுக்கும் டெல்லிக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

அந்த உறவை ஒரு துளைப்பான் அறுத்துவிடும். ஈயத்தில் 10 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள துளை போட்டால் ஏறத்தாழ 9 கிராம் போய்விடும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் எடை கொண்டது என்பதால்தான் இவ்வளவு. துளையை மெழுகாலோ தாராலோ மூடிக் கறுப்புச் சாயம் பூசினால் மேலோட்டமான பார்வைக்கு எதுவும் தெரியாது. அரைக்கிலோ கல்லில் 9 கிராம் அற்பமாகத் தோன்றலாம். அதே கல்லால் ஒரு நாளில் நூறு முறை நிறுத்தால் 900 கிராம் பொருள் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேராது. நெய்மீன் கிலோ ஆயிரம் ரூபாய் விற்கும் நாளில் அது 900 ரூபாய். ஓணத்துக்கு முன்பு தோவாளையில் பிச்சியும் மல்லியும் ஏறுகிற விலையில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும்.

கல்லின் எடையைக் குறைப்பது மட்டும்தான் மோசடி என்று நினைக்க வேண்டாம். பொருளை வாங்குகிற வியாபாரி கனமான கல்லை வைத்தால் நஷ்டம் விற்பவருக்கு. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொண்டுபோய்ப் போடுகிற சிறு விவசாயிக்கும், ஆக்கர் கடையில் பழைய இரும்பு போடுகிறவருக்கும், பூ கொண்டுவரும் தோட்டக்காரருக்கும் இந்த ஆபத்து உண்டு. அளவுக்கு மேல் ஈயம் திணித்த கல், விற்க வந்தவரின் உழைப்பைத் தின்றுவிடும். ஆகவே வாங்கப் போனாலும் விற்கப் போனாலும் முத்திரையைப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

எடை பிசகிய கல்லெல்லாம் திருட்டுக் கல் என்று சொல்லிவிடக் கூடாது. நம் கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. மீன் தண்ணீரும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். சிமென்ட் தரையில் விழுந்து விழுந்து ஈயம் தளர்ந்து தெறிப்பதும் உண்டு. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் பலர் கூறு வைத்துத்தான் விற்கிறார்கள். நிறுத்து விற்பவர்களில் பழைய கல்லை யாரிடமோ வாங்கியவர்களும் இருப்பார்கள். தங்கள் கல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அவர்களிடம் சண்டைக்குப் போவதைவிட, கல்லைக் காட்டி விஷயத்தைச் சொல்வதே மரியாதை.

அப்படிக் குறைபட்ட கல்லை என்ன செய்வது? வீட்டிலேயே ஈயத்தை உருக்கி ஊற்றிச் சரிசெய்துவிடலாம் என்று சிலர் நினைக்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அடுப்பங்கரைச் சூடே போதும். ஆனால் அதன் புகையும், துளைக்கும்போதும் அரம் போடும்போதும் பறக்கும் தூளும் உடலுக்குள் போனால் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் ஈயத்துக்கு அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையல் பாத்திரத்தில் உருக்குவதும், ஈயம் தொட்ட கையோடு சாப்பிடுவதும், ஈயத் தூள் படிந்த துணியை வீட்டுத் துணிகளோடு துவைப்பதும் பிள்ளைகளுக்கு நாமே கொடுக்கும் விஷம். கல்லை வீட்டிலேயே சரிசெய்வது சட்டப்படியும் செல்லாது. எடையளவுகளைப் பழுதுபார்க்க உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், கல்லை அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் சரிசெய்த பிறகும், ஆய்வாளர் சோதித்து மறுமுத்திரை இட்டால்தான் அந்தக் கல் தட்டில் ஏறலாம். அளவுக்கு மீறித் தேய்ந்த கல்லுக்குப் பதில் புதுக் கல் வாங்குவதே சிக்கனம்.

முத்திரையில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், எந்தக் காலாண்டு என்பதற்கு ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் வந்த விதிகளின்படி, எடைக்கற்களுக்கும் தட்டுத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை கட்டாயம். சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி கடையில் வைத்திருக்க வேண்டும். மின்னணுத் தராசிலும் ஈயம் உண்டு. உள்ளே கை வைக்க முடியாதபடி கம்பி கோத்து ஈய முத்திரை இட்டிருப்பார்கள். கம்பி அறுந்திருந்தாலோ ஈயம் நசுங்கியிருந்தாலோ, திரையில் பூஜ்யம் காட்டினாலும் அந்தத் தராசை நம்பாதீர்கள்.

தட்டுத் தராசில் சந்தேகம் வந்தால் உடனே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கல்லையும் பொருளையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். முள் சாய்ந்தால் தராசில் கோளாறு. சாயாமல் இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால், ஒரு கிலோ கல்லுக்கு எதிரே இரண்டு அரைக்கிலோ கற்களை வைத்துப் பார்க்கலாம். கடையில் தராசு கையில் பிடிக்காமல் கொக்கியிலோ தாங்கியிலோ தொங்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. நம் மாவட்டத்தில் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடை இருக்கும் இடம், நாள், நேரம், வாங்கிய பொருள், கொடுத்த பணம், ரசீது இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பொருளைப் பயன்படுத்தாமல் வேறு முத்திரையிட்ட தராசில் நிறுத்து வைத்தால் புகாருக்கு வலு. இழப்பீடு வேண்டுமென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பொருளின் அளவைச் சரியாக அறிவது நுகர்வோரின் உரிமை. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு நாகர்கோவில் போய்வருவது சிறு கடைக்காரருக்குப் பாரம்தான். உங்கள் சந்தைக்கே வந்து முத்திரையிடும் முகாம் நடத்தும்படி வியாபாரிகள் சங்கமும் பஞ்சாயத்தும் சேர்ந்து துறைக்கு மனு கொடுக்கலாம். முகாமுக்கு வரும்போது புதுக் கல்லோடு ஓரத்தில் கிடக்கும் பழைய கற்களையும் கொண்டுவாருங்கள்.