மறக்கப்பட்ட சகுந்தலை

ருக்மிணி தேவி பிறந்த நாடென்று புராணம் புகழும் விதர்ப்பம், இன்று மகாராஷ்டிரத்தின் கீழ்ப்பகுதியாக விளங்குகிறது. அங்கே கரிசல் மண். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. அந்தப் பருத்தியைக் கருதியே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்லிக் நிக்ஸன் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் ஒரு சிறு ரெயில் பாதை போட்டார்கள். மூர்த்திஜாபூரிலிருந்து ஒரு கிளை யவத்மாலுக்கும், மற்றொன்று அச்சல்பூருக்கும் சென்றது. மொத்தம் சுமார் 190 கிலோமீட்டர். தண்டவாளங்களின் இடையகலம் இரண்டரை அடிதான். ஊரார் அதற்கு இட்ட செல்லப் பெயர் 'சகுந்தலா'.

பருத்திப் பொதிகள் மூர்த்திஜாபூரில் பெரிய வண்டிக்கு மாறி, பம்பாய் சென்று, கப்பலேறி, மான்செஸ்டர் ஆலைகளைச் சேர்ந்தன. வண்டியை இழுத்த நீராவி எஞ்சினும் 1921-ல் மான்செஸ்டரில் செய்யப்பட்டதே! அந்நியர் நம்மீது கருணை கொண்டு இப்பாதையை அமைக்கவில்லை என்பது வெளிப்படை. எனினும், தண்டவாளம் கிடந்தவரை குடியானவனுக்கும் அது ஒரு வழியாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் தேசத்தின் ரெயில்வேக்கள் சர்க்கார் உடைமையாயின. இப்பாதையின் உரிமையோ கம்பெனியிடமே நெடுங்காலம் நின்றது. வண்டி ஓட்டும் பொறுப்பு மட்டும் சர்க்கார் ரெயில்வேயைச் சேர்ந்தது. உடையவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர் என்றால், தேய்ந்த கட்டையை மாற்றப் பணம் போடுபவர் யார்? பாதை நலிந்தது, நலிந்ததால் வேகம் குறைந்தது, வேகம் குறைந்ததால் சரக்கு விலகியது. லாரி களத்துமேட்டுக்கே வந்து பொதியை ஏற்றிக்கொண்டு போயிற்று. ரெயிலிலோ ஒரு முறை ஏற்றி, மூர்த்திஜாபூரில் இறக்கி, மறுபடி ஏற்றவேண்டும். வியாபாரி எதை நாடுவான்?

இது ஒரு பாதையின் கதை மட்டுமன்று. 1951-ல் தேசத்தின் சரக்குப் போக்குவரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரெயில் மூலம் நடந்தது. இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. 1980-களிலிருந்து, முழு வண்டி நிறைய நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏற்றுவதிலேயே ரெயில்வே கருத்தைச் செலுத்தியது. ஒரு வாகன், அரை வாகன் சரக்கு கொண்டுவரும் சிறு வியாபாரிக்குக் கூட்ஸ் ஷெட்டின் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

சகுந்தலாவின் நீராவி எஞ்சின் 1994-ல் ஓய்வு பெற்று, டீசல் எஞ்சின் வந்தது. சரக்குப் போனபின் ஏழைப் பிரயாணிகளே மிஞ்சினர். 2020-க்குள் இரு கிளைகளிலும் ஓட்டம் நின்றுவிட்டது.

நஷ்டத்தில் நடந்த பாதையை மூடியதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். நாம் ஒன்று கேட்கிறோம்: கிராமத்துச் சாலை எவ்வளவு லாபம் தந்தது என்று எவரேனும் கணக்குப் பார்க்கிறார்களா? கனமான சரக்கை லாரியைவிடக் குறைந்த எண்ணெய்ச் செலவில் இழுப்பது ரெயில். அந்த மிச்சம் ஸ்டேஷன் கணக்கில் ஏறாது. தேசத்தின் கணக்கில் ஏறும். எல்லாச் சிறு பாதைகளையும் பிழைக்க வைக்க முடியாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பராமரிக்காமல் விட்டுவிட்டு, பயனில்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. அகலப் பாதையாக மாற்றத் தக்கதை மாற்ற வேண்டும். ஊர் மக்களைக் கேட்ட பின்னரே மற்றதை மூட வேண்டும்.

காளிதாசனின் சகுந்தலையை மறந்த துஷ்யந்தனுக்குச் சாபம் ஒரு சாக்காக இருந்தது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.