தாமதம் தோல்வியன்று: உடற்பருமனும் தலைப்பிரசவமும்

“நேற்றுக் காலையிலேயே மருந்து வைத்தீர்களே, குழந்தை இன்னும் ஏன் பிறக்கவில்லை?” தலைப்பிரசவத்துக்காக வலி தூண்டப்படும் பெண்ணின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கர்ப்பிணிக்கு உடற்பருமன் இருப்பின் இக்காத்திருப்பு மேலும் நீளக்கூடும். அதன் காரணத்தை முன்கூட்டியே அறிந்திருப்பது அச்சத்தைப் பெரிதும் குறைக்கும்.

உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். 155 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 31. உலக அளவில் 30-உம் அதற்கு மேலும் உடற்பருமன் எனப்படுகிறது. இந்தியர்களுக்கு 25-ஐயே எல்லையாகக் கொள்ளுமாறு நம் நாட்டு வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் சுமார் 40 விழுக்காட்டினர் இந்த 25 என்னும் அளவை எட்டியோ கடந்தோ உள்ளனர். எனவே, இதனை ஒருசிலரின் குறையாகக் கருதுவதற்கில்லை.

உடற்பருமன் உள்ள கர்ப்பிணிகளுக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மிகுதியாக வருகின்றன. குறித்த நாள் கடந்தும் வலி வராமலிருப்பதும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இக்காரணங்களால் வலியைத் தூண்ட வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம் ஏற்படுகிறது.

வலி தூண்டுதல் இரு கட்டங்களைக் கொண்டது. முதலில் கருப்பை வாயை மென்மையாக்க வேண்டும்; இதற்குப் புராஸ்டாகிளாண்டின் மருந்தோ, சிறு பலூன் பொருத்திய குழாயோ பயன்படுகிறது. பின்னர்ப் பனிக்குடத்தை உடைத்து, ஆக்ஸிடோசின் மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றிக் கருப்பையைச் சுருங்கச் செய்கிறோம். தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் இயல்பாகவே மெதுவாகத்தான் இளகும். உடற்பருமன் உள்ளவர்களுக்கு அது விரிவடைய மேலும் நேரமாகிறது. ஆக்ஸிடோசினும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனும் மிகையான கொலஸ்டிராலும் கருப்பைத் தசையின் சுருக்கத்தைத் தளர்த்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. கருப்பை வாய் முழுமையாகத் திறந்த பின், குழந்தையை முக்கி வெளியேற்றும் கட்டத்தில் பெரிய வேறுபாடு காணப்படுவதில்லை.

தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, தொடக்கக் கட்டம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கலாம். பனிக்குடம் உடைந்தபின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் ஆக்ஸிடோசின் கொடுத்துப் பார்த்த பின்னரே வலி தூண்டுதல் பலனளிக்கவில்லை என முடிவு செய்ய வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

இப்பொறுமைக்குத் தக்க காரணம் உண்டு. உடற்பருமன் உள்ளவர்களுக்குச் சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். அறுவைக்குப் பின் புண்ணில் சீழ் பிடித்தல், கால் நரம்புகளில் இரத்தம் உறைதல் ஆகியனவும் அவர்களிடம் மிகுதி. மேலும், முதல் சிசேரியனின் தழும்பு அடுத்தடுத்த கருத்தரிப்புகளில் நஞ்சுக்கொடி தொடர்பான சிக்கல்களுக்கு இடமளிக்கலாம். அதே வேளையில், குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறினாலோ, தாய்க்கு ஆபத்து அறிகுறி தோன்றினாலோ, உடனடிச் சிசேரியனே உயிர்காக்கும் வழி. அப்போது தயக்கம் கூடாது.

கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்கும் நோக்கில் பட்டினி கிடத்தல் ஆகாது. குறியீட்டெண் 30-ஐ எட்டியவர்களுக்குப் பேறுகாலம் முழுவதிலும் 5 முதல் 9 கிலோ வரை எடை கூடினால் போதுமானது. மருத்துவர் தடை கூறாதவரை நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யலாம். சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மயக்கவியல் மருத்துவரை முன்னதாகவே சந்தித்து, வலிநீக்க முறைகளைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். “உன் எடையால்தான் இவ்வளவு பாடு” என்னும் சொல், பிரசவ அறைக்குள் இருப்பவருக்கு எவ்விதத்திலும் உதவாது. மணிக்கணக்கை எண்ணுவதற்குப் பதிலாக, “தாயும் குழந்தையும் இப்போது எப்படி இருக்கிறார்கள்?” என்று எங்களிடம் கேளுங்கள். எங்கள் ஒவ்வொரு முடிவும் அக்கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமைகிறது.