குளிர்காலத்து ஏரிப் பட்சிகளும் குடியானவர் கடமையும்

வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பும் ஐப்பசி மாதம் முதல், நீர் வற்றத் தொடங்கும் பங்குனி வரையில், தொண்டைமண்டலத்து ஏரிகளில் நானாவித ஜலபட்சிகள் வந்து தங்குவதை யாவரும் அறிவர். அவற்றைக் கண்ணுக்கினிய காட்சியென்று மாத்திரம் கருதுவோர் பலர். அவை பயிர்த்தொழிலுக்குச் செய்யும் உதவி இன்னதென்றும், அவ்வுதவி நீடிக்கக் கிராமத்தார் செய்ய வேண்டுவது இன்னதென்றும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். இதற்கு வேடந்தாங்கல் ஏரியே தக்க உதாரணமாகும்.

ஊரார் காத்த ஏரி

செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவிலுள்ள இவ்வேரி சுமார் 74 ஏக்கர் விஸ்தீரணமுடையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிப்பாய்கள் இங்கே பட்சிகளைச் சுடவே, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ஆம் வருஷத்தில் பட்சிகளைக் காக்கும் கவுல் ஒன்றைப் பெற்றனர். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் இவ்விடம் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலையாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே, சட்டத்தின் காவல் ஏற்படுவதற்கு நெடுநாள் முன்னமே ஊராரின் காவல் இருந்து வந்தது என்பது விளங்கும்.

கவனிக்கத் தக்கவை

ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல் முதலிய மரங்களின்மீது நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன் ஆகியவை கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்பதால் காட்டுப்பூனை, நரி முதலியன கூட்டை அணுகுவதில்லை. மழை பொய்த்து ஏரியில் நீர் நில்லாத வருஷங்களில் இவை கூடு கட்டாமல் வேறிடம் செல்வதுண்டு. ஊசிவால் வாத்து முதலிய சில ஜாதிகளோ வடதேசத்துக் குளிருக்குத் தப்பி இங்கு வந்து தங்கி, கோடை தொடங்கியதும் திரும்பிவிடும்; அவை இங்கே கூடு கட்டுவதில்லை.

காலையிலும் மாலையிலும் கரைமீதிருந்தபடியே பார்ப்பது நலம். மாலையில் மற்றப் பட்சிகள் இரை தேடித் திரும்பும் வேளையில், வக்காக்கள் இரை தேடப் புறப்படும். நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி காணப்படும். குஞ்சுகளுக்கு அது இராது. கூழைக்கடாவின் குஞ்சுகள் தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து மீனை உண்ணும்.

பயிருக்குள்ள பிரயோஜனம்

பட்சிகளின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதியாக உண்டு. அது ஏரி நீரில் கலந்து மதகின் வழியே வயலுக்குப் பாய்கிறது. அந்நீர் பாயும் நிலத்துக்கு எருச்செலவு குறைவு என்பது அவ்வூராரின் நெடுநாளைய அனுபவம். இத்தகைய நிலமுடையோர் மண்ணைப் பரிசோதித்து, அதற்குத் தக்கபடி மேலுரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தழைச்சத்து அளவு மீறினால் நெற்பயிர் சாய்வதோடு குலைநோயும் புகையானும் மிகுவதற்கு இடமுண்டாகும்.

இங்கே ஒரு விஷயத்தை மறத்தலாகாது. பட்சிகள் கூடு கட்டுவது ஓர் ஏரியில். இரை தேடுவதோ சுற்றுப்புறத்துப் பல கிராமங்களின் ஏரிகளிலும் வயல்களிலும். நத்தையும் மீனும் தவளையும் அங்கே இல்லாவிடில் கூட்டிலுள்ள குஞ்சு பட்டினியால் மடியும். ஆதலால் வேடந்தாங்கலைக் காப்பது அவ்வூராரால் மாத்திரம் ஆகும் காரியமன்று.

செய்ய வேண்டுவன

1. பூச்சி மருந்தைச் சேதத்தின் அளவறிந்தே உபயோகிக்க வேண்டும். மருந்திட்ட வயலின் நீரை ஏரியிலாவது வாய்க்காலிலாவது வடியவிடலாகாது. மருந்துக் கலங்களை அவற்றில் கழுவுதலும் கூடாது.

2. வண்டல் எடுப்பதும் கரை செப்பனிடுவதும் குஞ்சுகள் பறந்து சென்ற பின்பு கோடையில், உரிய அனுமதி பெற்று நடைபெற வேண்டும். ஏரியின் உட்பகுதியில் கூடுகளுள்ள மரங்களை வெட்டலாகாது. சீமைக்கருவேலை அகற்றும்போதும் அதில் கூடுகள் உண்டா என்று முதலில் பார்த்தல் அவசியம்.

3. கூடு கட்டும் காலத்தில் ஏரியருகே வெடி கொளுத்துதல் ஆகாது. அரவத்தால் தாய்ப்பட்சி எழுந்து பறக்குமாயின் முட்டைகளும் குஞ்சுகளும் காகங்களுக்கு இரையாகும். பட்சிகளை வேட்டையாடுதல் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

4. கிராம அதிகாரிகள் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, ஏரியின் நீர்மட்டம், இன்ன பட்சி முதன்முதல் வந்த தேதி, கூடுகளின் எண்ணிக்கை, கடைசிக் குஞ்சு பறந்து சென்ற தேதி ஆகியவற்றை வாரந்தோறும் எழுதி வருதல் நன்று. இக்குறிப்பு சில வருஷங்கள் தொடர்ந்து இருக்குமானால், மராமத்து வேலையை எப்பொழுது தொடங்கலாம் என்பதை ஊகத்தால் அன்றி ஆதாரத்தோடு நிர்ணயிக்கலாம்.

இவற்றிற்குப் பெரும் பணச்செலவில்லை; வேண்டுவது ஊர்க்கட்டுப்பாடு ஒன்றே. இவ்வருஷம் தங்கள் ஏரி நிரம்பியதும், ஐப்பசி முதலே இக்குறிப்பை எழுதத் தொடங்குமாறு கிராமத்தார் அனைவரையும் கேட்டுக்கொள்ளுகிறோம்.