ஊர் மாறும் குடும்பங்கள்: பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு நம் காலனிகளில் பல வீடுகள் பூட்டப்படுகின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, சென்னைப் புறநகரில் கட்டட வேலைக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒப்பந்த வேலைக்கு எனக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். போன இடத்தில் வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு. வீட்டுக்காரர் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று விசாரித்து முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, சாமான் இறக்கிய பிறகுதான் பள்ளிக்கூடப் பேச்சே வருகிறது. அதற்குள் ஜூன் வந்துவிடுகிறது. தெருமுனையில் எந்த வேன் வந்து நிற்கிறதோ அந்தப் பள்ளி என்று இரண்டே நாளில் முடிவாகிவிடுகிறது.

வேன், டை, ஷூ, ஆங்கிலம். இவற்றுக்கு ஆசைப்படும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. 'சேரிப் பள்ளிக்கூடம்' என்று ஊரார் ஒதுக்கிவைத்த இடத்தில் படித்தவர்கள் அவர்கள். யாரென்று யாருக்கும் தெரியாத புது ஊரில், பிள்ளையாவது எல்லோரோடும் சமமாக உட்காரட்டும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் இந்த முடிவின் விலை கட்டணத்தோடு முடிவதில்லை. சில உரிமைகள் நம்மோடு ஊர் மாறி வரும். சில வராது. சில, அரசுப் பள்ளியை விட்டு விலகிய அன்றே கைவிட்டுப் போகும். எது வரும், எது போகும் என்பதற்குப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

25 சதவீத இடம் கூடவே வராது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதற்கான கல்விக் கட்டணத்தை அரசு செலுத்தும். பட்டியலினப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் இதில் வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழ் போதும். இதை நம்பித்தான் பலர் தனியார் பள்ளி வாசலுக்குப் போகிறார்கள்.

ஆனால் இந்த இடம் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். அதாவது எல்.கே.ஜி., அல்லது அந்தப் பள்ளி ஒன்றாம் வகுப்பில் தொடங்கினால் ஒன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு ஊர் மாறுபவருக்கு இதில் இடமில்லை. பள்ளிக்கு அருகில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நேற்றுக் குடிவந்தவரின் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருப்பது சொந்த ஊர் முகவரி. விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சேர்க்கை நடக்கும் காலமும் நம் கையில் இல்லை. மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 2025-26 சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சொந்த ஊரில் இந்த ஒதுக்கீட்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனால், அங்குள்ள தனியார் பள்ளியில் அதே இடத்தைக் கேட்க முடியாது. பள்ளி மாறும் உரிமையைத் தரும் சட்டத்தின் 5-வது பிரிவு, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மாறத்தான் உரிமை தருகிறது. சுயநிதிப் பள்ளிகளை அது வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. ஆக, ஊர் மாறினால் முழுக் கட்டணம் அல்லது அரசுப் பள்ளி என்பதுதான் நிலைமை.

ஆறாம் வகுப்பு என்னும் கோடு

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு ஊர் மாறுகிறீர்களா? அப்படியானால் இன்னும் நிதானம் தேவை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடையில் ஒரே ஒரு வருடம் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தாலும் அந்தக் கணக்கு அறுந்துவிடும். 25 சதவீத ஒதுக்கீட்டில் 8-ம் வகுப்பு வரை தனியாரில் படித்து, பிறகு 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

இங்கே பலர் ஏமாறுவது பள்ளியின் பெயர்ப்பலகையில். மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகியவை இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகள்தான். அரசு உதவி பெறும் பள்ளி அப்படியல்ல. அங்கேயும் கட்டணம் இல்லை, சத்துணவு உண்டு, அரசு புத்தகம் உண்டு, ஆனால் 7.5 சதவீதம் இல்லை. புது ஊரில் 'கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதான்' என்று பக்கத்து வீட்டார் சொன்னால், 'மாதிரி'யா, அரசுப் பள்ளியேதானா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதையே பார்க்கின்றன. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களையும் அவற்றில் சேர்த்தார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கோ ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். அரசுப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தால் 7.5 சதவீதம் நிற்கும், இந்த 20 சதவீதம் போகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்வோர் அதிகம்.

தமிழ் வழிக்கான 20 சதவீத முன்னுரிமையைத் தவிர, சின்ன வகுப்புகளில் இந்தக் கோடுகள் எதுவும் இல்லை என்பதால், ஐந்து வரை தனியாரில் போட்டுவிட்டு ஆறில் அரசுப் பள்ளிக்கு மாற்றலாம் என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். தவறில்லை, பணம் இருந்தால். ஆனால் அப்பா, அம்மா இருவரும் காலை ஷிஃப்டுக்கு ஓடும் வீட்டில், அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை கிடைக்கும் காலை உணவை யார் ஈடுசெய்வது? தனியாரில் டிபன் பாக்ஸை நாம்தான் கட்ட வேண்டும். வேன் கட்டணமும் நம்முடையது. வேலை இரண்டு மாதம் நின்றால் முதலில் நிற்பது பள்ளிக் கட்டணம்தான். அடுத்து நிற்பது டி.சி.

பாக்கி வைத்தால் மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைப்பது தனியார் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. சட்டம் இதற்கு இடம் தரவில்லை. டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டி அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதே 5-வது பிரிவு சொல்கிறது. டி.சி.யில் கட்டண பாக்கி என்று எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தெளிவாக்கியது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, சேர்க்கை தேதி முடிந்துவிட்டது என்பவையும் திருப்பி அனுப்பக் காரணமாகாது.

சாதி எங்கே இல்லை?

தனியார் பள்ளியில் சாதி கிடையாது என்ற நம்பிக்கையைப் பற்றியும் பேச வேண்டும். அங்கே சாதி பேசப்படுவதில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. ஒதுக்கீட்டில் வந்த பிள்ளை யார் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரிந்தது வகுப்புக்கும் தெரிய நாளாகாது.

அதற்காக அரசுப் பள்ளியைப் பூசி மெழுகவும் வேண்டாம். 2022-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதி ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியை கைதானார். 2023-ல் கரூர் மாவட்டத்தில் பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாதென்று பெற்றோர் சிலர் தடுத்தனர். ஆட்சியர் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. அதே ஆண்டு நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகுதான், பள்ளிகளில் சாதியை ஒழிக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அரசுப் பள்ளியில் கேள்வி கேட்க நமக்கு ஓர் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு என்று சட்டமே சொல்கிறது. சுயநிதிப் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எனவே சேர்க்கும் முன், மதிய உணவு நேரத்தில் அந்தப் பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகள் எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், துடைப்பம் யார் கையில் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டப்படி அளவு. ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர் என்றால் படிப்பு எப்படி நடக்கும் என்ற கவலை நியாயமானது. ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடந்தாலும் ஆள் நிறைந்த பள்ளிதான் நல்லது.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் பருவத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தேர்வே வேறு. தை மாதத்தில் கிளம்பி ஆனியில் திரும்புகிறவர்கள் தனியார் பள்ளியை நினைத்தும் பார்க்க முடியாது. சூளைக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளி வருடத்தின் எந்த மாதத்திலும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். ஆயாவிடம் விட்டுப் போகும் பிள்ளைக்கு ஆதிதிராவிடர் நல விடுதி ஒரு வழி. பெங்களூரு, கேரளம் என்று மாநிலம் தாண்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: நம் சாதிச் சான்றிதழைக் காட்டி அந்த மாநில அரசின் இடஒதுக்கீட்டைப் பெற முடியாது, 7.5 சதவீதக் கணக்கிலும் அங்கே படிக்கும் வருடங்கள் சேராது.

லாரியில் சாமான் ஏற்றும் முன் செய்ய வேண்டியது, பழைய பள்ளியில் டி.சி.யோடு பிள்ளையின் எமிஸ் எண்ணையும் எழுதி வாங்குவது. பழைய பள்ளி அந்த எண்ணை விடுவித்தால்தான் புதுப் பள்ளியின் கணினியில் பெயர் ஏறும். விடுவிக்க மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.