முன் வாசலில் காசு, பின் வாசலில் பயணம்



காலையில் பேருந்தில் இடம் பிடிக்க நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். முண்டியடித்து ஏறி, புத்தகப் பையை உட்கார்ந்திருக்கும் யாராவது ஓர் அக்காளின் மடியில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இடம் காலியானால் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த இருக்கைக்காக ஓர் ஊரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் கால் வைக்காமல் நடந்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கோமரியில் நடந்தது அது.

நிறவெறி என்றதும் நம் மனக்கண் முன் அடிதடியும் கொலையும்தான் வருகின்றன. அவையும் அங்கே நடந்தன. ஆனால் ஒரு சாதாரண கறுப்பினப் பெண் நாள்தோறும் சந்தித்தது அவற்றையன்று. அவள் சந்தித்தவை மிகச் சிறியவை. செருப்பு வாங்கக் கடைக்குப் போனால் காலில் போட்டுப் பார்க்க முடியாது. பழுப்புக் காகிதத்தில் பாதத்தின் அளவை வரைந்து எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். அவள் கால் பட்ட செருப்பை வெள்ளைக்காரர் வாங்க மாட்டாராம்!

பேருந்தின் கதை இன்னும் விந்தையானது. மொத்தம் 36 இருக்கைகள். முன்னால் உள்ள பத்து வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். நடுவில் உள்ளவற்றில் உட்காரலாம். ஆனால் ஒரே ஒரு வெள்ளையர் இடமின்றி நின்றால், அந்த வரிசையிலுள்ள நால்வருமே எழுந்துவிட வேண்டும். ஏனென்றால் இரு நிறத்தவரும் ஒரே வரிசையில் அமரக் கூடாது. அங்கே நடத்துனர் கிடையாது. முன் வாசலில் ஏறி, ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் காசு போட வேண்டும். போட்ட பின், கறுப்பினத்தவரானால், பல ஓட்டுநர்கள் அவர்களை இறங்கச் சொல்வார்கள். அவர்கள் வெளியே நடந்து போய்ப் பின் வாசல் வழியாக ஏற வேண்டும். அவர்கள் பின் வாசலை அடையுமுன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். காசும் போயிற்று, வண்டியும் போயிற்று! இத்தனைக்கும் அந்தப் பேருந்துகளில் சென்றவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கறுப்பினத்தவர்தாம்.

இப்படிப்பட்ட அவமானத்தை ஒருவர் எப்படி எதிர்கொள்வார்? பெரும்பாலோர் பேசாமல் இருந்தார்கள். அதைக் கோழைத்தனம் என்று நாம் எளிதில் சொல்லிவிடக் கூடாது. பேருந்துக்குள் இருக்கையை மாற்றச் சொல்லும் அதிகாரத்தை நகரச் சட்டமே ஓட்டுநருக்குக் கொடுத்திருந்தது. மறுத்தால் காவலர் வருவார். வெள்ளையர் வீட்டில் சமையலும் குழந்தை பராமரிப்பும் செய்து பிழைக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் சிறையென்றால் வேலை போய்விடும். வாயைத் திறக்காமல் பின்னால் போய் நின்றவள் தன் பிள்ளைகளின் இரவு உணவை நினைத்துக்கொண்டு நின்றாள் என்றே நான் எண்ணுகிறேன்.

படித்தவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. ஜோ ஆன் ராபின்சன் அம்மையார் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1949ஆம் ஆண்டில் ஒரு நாள், ஏறக்குறைய காலியாக இருந்த பேருந்தில் முன் பகுதியில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் அடிப்பவர் போலக் கையை ஓங்கிக்கொண்டு வந்து கத்தவே, நடுநடுங்கி அழுதுகொண்டே இறங்கி ஓடினார். ஆனால் அந்த அழுகையோடு அவர் நின்றுவிடவில்லை. அவ்வூர் மகளிர் அரசியல் குழுவின் தலைவியாகி, 1954 மே மாதத்தில் நகர மேயருக்குக் கடிதம் எழுதினார். நிலைமை மாறாவிட்டால் மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கக் கூடும் என்று மிகப் பணிவாகவே அதில் எச்சரித்திருந்தார்.

பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். ஜூலியட் மார்கன் என்ற நூலகர் அப்படி இருக்கவில்லை. காசு கொடுத்துவிட்டு இறங்கிய கறுப்பினப் பெண்ணை விட்டுவிட்டு வண்டி நகர்ந்தால், இவர் எழுந்து மணிக் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்துவார். கதவைத் திறந்து அந்த அம்மாளை ஏற்றிக்கொள்ளும்படி ஓட்டுநரிடம் வற்புறுத்துவார். உடன் வந்த வெள்ளையர்கள் இவரைத்தான் ஏளனம் செய்தார்கள்.

இனி நம் வயதுப் பெண் ஒருத்தியின் கதைக்கு வருவோம். 1955 மார்ச் 2ஆம் நாள் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி பள்ளி விட்டுத் தோழியரோடு பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் இடமின்றி நிற்கவே, எழுந்திருக்கும்படி ஓட்டுநர் சத்தமிட்டார். தோழியர் எழுந்து பின்னால் போனார்கள். கிளாடெட் எழவில்லை. அந்த வாரங்களில் பள்ளியில் கறுப்பினப் பெரியோரின் வரலாற்றைப் படித்திருந்தாள். தன்னைப்போன்ற அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மன் ஒரு தோளையும், அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சொஜர்னர் ட்ரூத் மறு தோளையும் அழுத்தி உட்கார வைத்ததுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னாள். காசு கொடுத்திருக்கிறேன், இது என் உரிமை என்று திரும்பத் திரும்பச் சொன்னவளைக் காவலர்கள் இழுத்துக்கொண்டு போய், கைவிலங்கிட்டு, பெரியவர்களை அடைக்கும் சிறையில் அடைத்தார்கள்.

ஊர் அவளைக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? சிலர் பாராட்டினார்கள். பள்ளியில் பலர், இவளோடு சேர்ந்தால் வம்பு என்று ஒதுங்கினார்கள். தலைவர்கள் இவளை முன்நிறுத்திப் போராடலாமா என்று ஆலோசித்துப் பின்வாங்கினார்கள். வயது போதாது, படபடவென்று பேசுகிறவள், ஏழைக் குடும்பம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அதே ஆண்டில் அவள் மணமாகாமலே கருவுற்றதும் சேர்ந்துகொண்டது. பகைவர் வாயில் விழக்கூடாது என்ற அவர்களுடைய அச்சம் விளங்குகிறது. ஆனாலும் இந்த இடத்தைப் படிக்கும்போது என் மனம் அந்தச் சிறுமியின் பக்கமே சாய்கிறது.

ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1 மாலை, 42 வயதான ரோசா பார்க்ஸ் அம்மையார் தையல் வேலை முடித்துத் திரும்பும்போது எழ மறுத்துக் கைதானார். இவர் பெயரை நம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத செய்தி, 1943இல் இவரைப் பின் வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிய ஓட்டுநரே அன்றைக்கும் வண்டியை ஓட்டினார் என்பது. கைதான செய்தி கேட்ட இரவே ராபின்சன் அம்மையார் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டார். விடிய விடிய உதவியவர்களில் இரண்டு மாணவர்களும் உண்டு. டிசம்பர் 5 திங்கட்கிழமை பேருந்துகள் ஏறக்குறைய காலியாக ஓடின. அன்று மாலையே 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பிறகு ஓராண்டுக்கு மேல் நடை! கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிச் சென்றார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி தோழியருடன் கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்றுப் பெட்ரோல் செலவுக்குப் பணம் சேர்த்தார். வெள்ளைக்கார இல்லத்தரசிகள் பலர் தங்கள் வேலைக்காரிகளைத் தாங்களே காரில் அழைத்து வந்தார்கள். நியாய உணர்ச்சியா, வீட்டு வேலை நடக்க வேண்டுமே என்ற கவலையா, அவரவருக்கே வெளிச்சம்! அப்படிச் செய்யாதீர்கள் என்று மேயர் கேட்டுக்கொண்டும் அவர்கள் நிறுத்தவில்லை. ஜூலியட் மார்கன் டிசம்பர் 12ஆம் நாள் பத்திரிகையில் வெளியான கடிதத்தில் இந்தப் போராட்டத்தை நம் காந்தியடிகளின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டிருந்தார். அதன் பின் மிரட்டல்களும் வசை பொழியும் தொலைபேசி அழைப்புகளும் ஓயவில்லை. தனிமையில் நொந்துபோன அவர் 1957 ஜூலையில் உயிர் துறந்தார்.

நடையோடு வழக்கும் நடந்தது. 1956 பிப்ரவரியில் நான்கு பெண்கள் வாதிகளாக வழக்குத் தொடுத்தார்கள். அந்த நால்வரில் ரோசா பார்க்ஸ் இல்லை, கிளாடெட் இருந்தாள்! பெரியவர்கள் தயங்கிய அதே பெண் கைக்குழந்தையைப் பெற்றவளாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். ஜூன் மாதம் கீழ் நீதிமன்றமும், நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் பேருந்துகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்த்தன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. தீர்ப்பு வந்தவுடன் அவர்கள் ஓடிப்போய் முன் இருக்கையில் உட்காரவில்லை. கூட்டம் கூடும் இடங்களில் நாற்காலிகளைப் பேருந்தின் வரிசைபோல் போட்டு நாடகமாகப் பழகினார்கள். ஒருவர் ஓட்டுநர், சிலர் கோபக்கார வெள்ளையர், சிலர் பயணிகள். திட்டினால் திருப்பித் திட்டாதிருப்பது, தள்ளினால் திருப்பித் தள்ளாதிருப்பது, பக்கத்தில் உட்காருமுன் உட்காரலாமா என்று கேட்பது ஆகியவற்றை ஒத்திகை பார்த்தார்கள். எழுதியும் கொடுத்தார்கள். அவமானத்துக்கு முன்னால் நாக்கும் கையும் தாமாக அடங்கிவிடா, பழக்கினால்தான் அடங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1956 டிசம்பர் 21 காலை முதல் எல்லோரும் முன் வாசலில் ஏறி விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள். சில நாட்களிலேயே பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. அப்படியும் மக்கள் ஏறினார்கள்.

வென்றவர்களுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. ரோசா பார்க்ஸ் வேலையிழந்து 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். கிளாடெட் 1958இல் நியூயார்க்குக்குப் போய், முதியோர் இல்லத்தில் செவிலியரின் உதவியாளராகப் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றாள். காவலரைத் தாக்கினாள் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1955இல் நீதிமன்றம் அவளை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்திருந்தது. அந்தக் கண்காணிப்பு முடிந்துவிட்டது என்று அவளிடம் யாரும் சொல்லவேயில்லை. அவள் சொந்த ஊருக்கு வரும்போதெல்லாம் குடும்பத்தார் கலங்கினார்கள். 2021இல், அவருக்கு 82 வயதானபோது, மான்ட்கோமரி நீதிமன்றம் ஒன்று அந்தப் பதிவை அழித்து உத்தரவிட்டது. அதில் கையெழுத்திட்ட நீதிபதி ஒரு கறுப்பினத்தவர்.