தரவுக்கு ஒரு வாயில்

நுழையும்முன்

பிப்ரவரி 30 என்றொரு நாள் இல்லை என்பது மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கணினியின் நினைவகத்தில் 30 என்பதும் 2 என்பதும் வெறும் எண்களே. அவ்வெண்கள் இணைந்து பொருளுள்ள ஒரு நாளாக நிலைக்க வேண்டுமெனில், அவற்றை எவர், எவ்வழியில் மாற்றலாம் என்பதற்கு ஒரு வரையறை வேண்டும். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் அவ்வரையறை எவ்வாறு அமைகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இனக்குழுவின் தோற்றம்

1960-களில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நிகார்டு ஆகிய இருவரும் சிமுலா என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். தரவையும் அதன்மீது இயங்கும் செயற்கூறுகளையும் ஒருங்கே கொண்ட இனக்குழு என்னும் அமைப்பு, சிமுலா 67 என்ற பதிப்பில் இடம்பெற்றது. இனக்குழுவை வார்ப்பு எனக் கொண்டால், அதிலிருந்து உருவாகும் ஒவ்வொன்றும் பொருள் எனப்படும். தரவையும் செயற்கூறுகளையும் இவ்வாறு ஒன்றாகப் பொதிவதே உறைபொதியாக்கம்.

ஆயினும், பொதிவது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. தொடக்கக்காலச் சிமுலாவில் பொருளின் தரவை நிரலின் பிற பகுதிகள் நேரடியாகத் தொட இயன்றது. அதனை மறைக்கும் வசதி பின்னரே சேர்க்கப்பட்டது.

மூன்று எண்களும் ஒரு விதியும்

'நாள்' என்னும் இனக்குழு ஒன்றைக் கருதுக. அதில் தேதி, மாதம், ஆண்டு என மூன்று தரவு உறுப்புகள் உள்ளன. ஒரு பொருளில் 31, 1, 2023 என்னும் மதிப்புகள் இருக்கின்றன. அது சனவரி 31-ஐக் குறிக்கிறது. நிரலின் வேறொரு பகுதி, மாதத்தை மட்டும் 2 என மாற்றுகிறது. 31 என்பது தேதிக்கு உரிய எண்ணே. 2 என்பதும் மாதத்திற்கு உரிய எண்ணே. ஆனால், இரண்டும் சேர்ந்தபோது பிப்ரவரி 31 என்னும் இல்லாத நாள் தோன்றிவிட்டது.

இப்பிழை தோன்றிய இடத்திலேயே வெளிப்படுவதில்லை. வட்டியைக் கணக்கிடும் இடத்திலோ, காப்பீட்டின் முடிவுநாளைக் காட்டும் இடத்திலோ வெளிப்படலாம். தரவு அனைவருக்கும் திறந்திருந்தால், பிழை செய்த வரியைக் கண்டறிய நிரல் முழுவதையும் தேட வேண்டியிருக்கும். தரவை மாற்றும் உரிமை இனக்குழுவின் செயற்கூறுகளுக்கு மட்டுமே இருந்தால், முதலில் ஆராய வேண்டியவை அச்சில செயற்கூறுகளே.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே மதிப்பிடும் செயற்கூறு ஒன்றை எழுதி, அதனுள் அவ்வுறுப்பின் எல்லையை மட்டும் சரிபார்த்தால், முன்னர்க் கண்ட பிழை மீண்டும் நேரும். காக்கப்பட வேண்டியது தனித்தனி எண் அன்று. எண்களுக்கிடையே உள்ள உறவு. ஆகவே, மூன்று மதிப்புகளையும் ஒருசேரப் பெற்றுச் சரிபார்க்கும் செயற்கூறும், 'அடுத்த நாளுக்குச் செல்' என்பது போன்ற பொருளுள்ள செயற்கூறுகளுமே அவ்வுறவைக் காக்கும்.

நெட்டாண்டு விதியும் அவற்றுக்குள்ளேயே அடங்கும். 4-ஆல் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. ஆனால் நூற்றாண்டாயின் 400-ஆலும் வகுபட வேண்டும். அதனால் 1900 நெட்டாண்டு அன்று, 2000 நெட்டாண்டு. இவ்விதி ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதனைத் திருத்துவதும் ஓரிடத்தில் முடிந்துவிடும்.

அணுகியல்பு வரையறுப்பிகள்

பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்திரௌஸ்திரூப் 1979-இல் தொடங்கிய பணியே பின்னாளில் சி++ மொழியாக வளர்ந்தது. அம்மொழியில் அணுகலைக் குறிக்க மூன்று சொற்கள் உள்ளன. 'பிரைவேட்' எனக் குறித்த உறுப்பை அவ்வினக்குழுவின் செயற்கூறுகளும், அது நட்புரிமை அளித்தவையும் மட்டுமே அணுகலாம். 'பப்ளிக்' எனக் குறித்ததை எப்பகுதியும் அணுகலாம். 'புரொடெக்டட்' எனக் குறித்தது, மரபுரிமத்தால் தருவிக்கப்பட்ட இனக்குழுக்களுக்கும் திறந்திருக்கும். எதுவும் குறிக்காவிடில் இனக்குழுவின் உறுப்பு பிரைவேட் ஆகவே கொள்ளப்படும். விதியை மீறும் வரியை நிரல்பெயர்ப்பி ஏற்பதில்லை. நிரல் இயங்குவதற்கு முன்னரே பிழை தடுக்கப்படுகிறது.

காவலின் எல்லை மொழிக்கு மொழி வேறுபடும். சி++, ஜாவா ஆகிய மொழிகளில் எல்லையாவது இனக்குழுவே. எனவே, ஒரு நாள் பொருளின் செயற்கூறு, மற்றொரு நாள் பொருளின் மறைந்த தரவைப் படித்து இரண்டையும் ஒப்பிடலாம். ஸ்மால்டாக் மொழியிலோ ஒவ்வொரு பொருளும் தனக்குத்தானே எல்லை. பிறபொருளின் தரவை அறிய அப்பொருளிடமே செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும்.

மாறக்கூடியதை மறைத்தல்

மறைப்பதன் பயன் பிழை தடுப்பதோடு முடிவதில்லை. 1972-இல் டேவிட் பார்னாஸ் வெளியிட்ட கட்டுரை ஒன்று, நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும் நெறியை ஆராய்ந்தது. பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றும் ஒரு பகுதிக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. இதுவே தகவல் மறைப்பு எனப்படுகிறது.

இதன் தேவையை 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் உலகிற்கு உணர்த்தியது. இடத்தைச் சேமிக்கும் பொருட்டு ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களை மட்டும் பதியும் வழக்கம் பரவியிருந்தது. அவ்விரண்டு இலக்கங்களை எண்ணற்ற நிரல்கள் நேரடியாகப் படித்துக் கணக்கிட்டன. 00 என்பது 1900-ஐயும் குறிக்கக்கூடும் என்பதால், அத்தகைய வரி ஒவ்வொன்றையும் தேடித் திருத்த நேர்ந்தது. கோப்புகளில் பதிந்திருந்த தரவை மறைப்பு மட்டுமே திருத்தியிருக்க இயலாது. ஆயினும், ஆண்டைக் கையாளும் வரிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் தேடும் பணி பெரிதும் சுருங்கியிருக்கும்.

இத்தகைய மாற்றம் இனியும் வரவுள்ளது. 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளை 32 பிட் குறியுடைய எண்ணில் பதியும் அமைப்புகளில், அவ்வெண் 2038 சனவரி 19 அன்று தன் எல்லையைக் கடந்துவிடும். காலத்தைப் பதியும் முறையை இனக்குழுவுக்குள் மறைத்த நிரலில் அகலமான எண்ணுக்கு மாறுவது எளிது.

பின்வாயில்

தரவைப் பிரைவேட் எனக் குறித்தபின்னும் அது வெளியே கசியக்கூடும். ஜாவாவின் முதற்பதிப்பு 1996-இல் வெளிவந்தது. அதன் நாள் இனக்குழுவைச் சேர்ந்த பொருளை உருவாக்கிய பின்னும் மாற்றலாம். ஓர் ஒப்பந்தப் பொருள், தன்னுள் இருக்கும் முடிவுநாளைக் கேட்டவருக்கு அப்படியே கொடுத்தால், பெற்றவர் அதனை மாற்றிவிடலாம். ஒப்பந்தத்தின் முடிவுநாளும் உடன் மாறிவிடும். வாயிலில் காவல் இருந்தும் பின்வாயில் திறந்தே கிடக்கிறது. இதற்குத் தீர்வு இரண்டு: உள்ளிருக்கும் பொருளைத் தராமல் அதன் நகலைத் தருதல், மாற்றவே இயலாத பொருளாக அதனை அமைத்தல். 2014-இல் வந்த ஜாவா 8, மாற்றவியலாத நாள் இனக்குழுக்களை வழங்கியது.

காவலின் வரம்பு

இக்காவல் தவறிச் செய்யும் பிழைக்கு எதிரானது. வேண்டுமென்றே செய்யும் வஞ்சகத்திற்கு எதிரானது அன்று. சி++ மொழியில் நினைவக முகவரியைக் கொண்டு மறைந்த தரவைத் தொட இயலும். பைத்தான் மொழியில் பெயரின் முன் இடப்படும் அடிக்கோடு, 'இது உட்பயனுக்குரியது' என அறிவிக்கும் மரபு மட்டுமே. எனவே, கடவுச்சொல் போன்றவற்றைக் காக்க மறையாக்கம் முதலிய வேறு வழிகள் வேண்டும்.

பெரிய நிரலைப் பலர் பல ஆண்டுகள் எழுதுகின்றனர். எழுதியவர் விலகியபின் புதியவர் வந்து திருத்துகிறார். அவருக்கு நிரல் முழுவதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முறையாக வகுத்த வாயில், அறியாமல் நேரும் பிழையிலிருந்து அவரையும் அந்நிரலை நம்பியிருப்போரையும் காக்கிறது.

கற்பவை கற்றபின்

1. தேதி, மாதம், ஆண்டு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பிடும் செயற்கூறுகள் போதாமைக்குக் காரணம் கூறுக.

2. நூலகப் புத்தகம் ஒன்றை இனக்குழுவாக அமைத்து, அதில் மறைக்க வேண்டிய தரவுகளையும் வெளிப்படுத்த வேண்டிய செயற்கூறுகளையும் பட்டியலிடுக.

3. 'மறைத்தல் என்பது மாற்றத்திற்கு ஆயத்தமாதல்' – இக்கூற்றை 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.